‘டென்ஷன் ஆகாதே’ என்றால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் மன அழுத்தம் பற்றி வந்த கட்டுரையை என் மகள் வாசித்துக் காட்டினாள். காலையில் நடங்கள், பாட்டுக் கேளுங்கள் என்று நல்லதாகத்தான் போட்டிருந்தீர்கள். தீராத வலியோடு கிடக்கிறவர்களுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. அதனால் நான் சொல்லச் சொல்ல மகள் இதை எழுதுகிறாள்.

நான் முக்கூடலில் பீடி சுற்றுகிறவள். ஆற்றுப் படித்துறையில் பாசி வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்து, எலும்பு கூடிவிட்டது என்றார்கள். அப்புறம்தான் எரிச்சலே ஆரம்பித்தது. கை வீங்கித் தோல் பளபளவென்று ஆனது. சில நேரம் சிவந்து சுடும், சில நேரம் நீலம் பாரித்துச் சில்லிட்டுப் போகும். ஆனி ஆடியில் மேற்கேயிருந்து சாரல் காற்று வந்தால் ஊரே சந்தோஷப்படும். எனக்கு அந்தக் காற்று பட்டாலே கையில் மிளகாய்ப் பொடியை அப்பின மாதிரி இருக்கும். எரிச்சல் முழங்கை ஏறி, தோளுக்குப் போய், இப்போது இடது கைக்கும் வந்துவிட்டது.

முதலில் காட்டிய இடத்தில் “எலும்பு நல்லாத்தானே இருக்கு, மனசைத் திடமா வச்சுக்கோங்க” என்று அனுப்பிவிட்டார்கள். பெயர் சொன்னவர் வேறொரு டாக்டர்: சி.ஆர்.பி.எஸ். முறிவு ஆறின பிறகும் நரம்பு வலியைச் சொல்லிக்கொண்டே இருக்கும் நோயாம். பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. இதைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. கையைப் பார்த்து, தொட்டு, கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆள் சொல்வதை நம்பாவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது?

ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் மாத்திரை எழுதித் தந்தார். மருந்துக் கடைப் பையன், “யாருக்குக்கா மன அழுத்தம்?” என்று சத்தமாகக் கேட்டுவிட்டான். சாயங்காலத்துக்குள் தெருவே விசாரித்தது. அதே மாத்திரையைக் குறைந்த அளவில் நரம்பு வலிக்கும் கொடுப்பார்கள் என்று எத்தனை பேருக்கு விளக்கிக்கொண்டிருப்பது?

பதற்றம் ஏறினால் வலியும் ஏறும், அது நிஜம். அதற்காக வலியே மனசிலிருந்து வருகிறது என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். எனக்குப் பதற்றம் வருவது கடைக்குப் பீடி கொண்டுபோகும் நாளில். எண்ணிக்கை குறைந்தால் பேச்சு, முனை மடக்கியது சரியில்லை என்றால் கழிவு. பாட்டுக் கேட்டால் அது தீருமா? என் மதினி தன் பீடியோடு என்னுடையதையும் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. இலை வெட்டுவதும் அவள்தான், கத்தரிக்கோல் எனக்கு ஆகாது. நான் கொஞ்ச நேரம் சுற்றுவேன். மகள் செல்போனில் அலாரம் வைத்திருக்கிறாள். அடித்தால், பாதி சுற்றிய பீடியானாலும் தட்டில் போட்டுவிட வேண்டும். வலி வந்த பிறகு நிறுத்தினால் ரெண்டு நாள் படுக்கைதான்.

கைக்குப் பழக்கம் கொடுக்கச் சொன்னார்கள். முதலில் பஞ்சால் மெல்லத் தடவ வேண்டும், அது பொறுத்தால் பழைய வேட்டித் துணி, அப்புறம் தேங்காய்ப்பூ துண்டு. இப்போது அரிசிப் பானைக்குள் கையை விட்டு அளைகிறேன். இடது கை நன்றாக இருந்தவரை கண்ணாடிப் பயிற்சியும் உண்டு. வலது கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்துவிட்டு இடது கையை அசைத்தால், வலது கை வலியில்லாமல் அசைவது போல் தெரியும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை விஞ்ஞானி வி.எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலிக்காக யோசித்துக் கண்டுபிடித்த வழி இது. நம்ம ஆள்தான், ஆனால் இங்கே யாருக்கும் தெரியாது.

2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிக்கு வீட்டுக்கே வருகிறார்கள். பக்கவாதக்காரர்களுக்கு மட்டும்தான் என்று எங்கள் பக்கம் பலர் கேட்பதே இல்லை. கேட்க வேண்டும். ஊனமுற்றோர் சான்றிதழ் விஷயம் வேறு கதை. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சொன்ன 21 வகைகளில் வலி என்று ஒன்று கிடையாது.

ஒரு வேண்டுகோள். மாவுக்கட்டு பிரித்து வாரக்கணக்கில் ஆன பிறகும் கை எரிந்தால், நிறம் மாறினால் எந்தப் பிரிவில் காட்ட வேண்டும், கட்டு இருக்கும்போதே விரல்களை எப்படி அசைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஒரு வலி மருத்துவரிடம் கேட்டு, அதே பக்கத்தில் போடுங்கள். கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டால் பீடிக் கடைச் சுவரில் ஒட்டிவைப்போம்.

இப்படிக்கு,
பீடித் தொழிலாளி ஒருவர்,
முக்கூடல், திருநெல்வேலி மாவட்டம்.