காலில் அடைப்பை எடுத்தாச்சு, அப்புறம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கால் ரத்தக்குழாய் அடைப்புக்கு பலூன் (சுருங்கிய குழாயை உள்ளிருந்து விரிப்பது), ஸ்டென்ட் (குழாய் மூடாமல் தாங்கும் வலைக்குழாய்), பைபாஸ் (அடைப்பைச் சுற்றி மாற்றுப் பாதை) என்று என்னென்ன சிகிச்சை இருக்கிறது என உங்கள் மருத்துவப் பக்கத்தில் விளக்கமாகப் போட்டிருந்தீர்கள். நல்ல கட்டுரை. ஆனால் நோயாளி வீட்டுக்குக் கிளம்புவதோடு அது முடிந்துவிட்டது. என் மாமனார் விஷயத்தில் மருத்துவமனையும் அங்கேதான் முடித்துக்கொண்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை. தொடையில் ஸ்டென்ட் வைத்து அனுப்பும்போது தந்த டிஸ்சார்ஜ் சம்மரி பக்கம் பக்கமாக இருந்தது, கடைசியில் ஒரே ஒரு வரி: ஒரு வாரம் கழித்து வரவும், பிறகு தேவைப்பட்டால் வரவும். தேவையா இல்லையா என்பதை யார் முடிவு செய்வது? சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவருக்குச் செருப்பு கடித்துப் புண்ணானதே தெரிவதில்லை. இன்னொன்று, இந்த நோயில் நடந்தால்தான் கெண்டைக்கால் வலிக்கும். வலிக்குப் பயந்து நடையையே குறைத்துக்கொண்டவரைக் கேட்டால் வலியே இல்லை, நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வார். உள்ளே குழாய் மறுபடி சுருங்கிக்கொண்டிருக்கலாம்.

அப்படிச் சுருங்குவது ஒன்றும் அபூர்வமில்லை. பலூன் விரித்த இடம் ஆறும்போது உட்சுவர் தடித்துக்கொண்டே வரலாம், முதல் ஒரு வருடத்தில் இது அதிகம். காலிலிருந்தே ரத்தக்குழாயை எடுத்து பைபாஸ் செய்தவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. அதற்காகத்தான் முதல் மாத வாக்கிலும், பிறகு 3, 6, 12 மாதங்களிலும், அப்புறம் வருடத்துக்கு ஒருமுறையாவதும் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்க்கும் வழக்கம் இருக்கிறது (செய்த சிகிச்சையைப் பொறுத்து இடைவெளி மாறும்). சுருங்கும் கட்டத்திலேயே தெரிந்தால் பெரும்பாலும் இன்னொரு பலூனோடு போகும். முழுக்க அடைத்த பிறகு வந்தால் சிலருக்கு விரல் போகிறது, சிலருக்குக் காலே போகிறது.

ஸ்கேனோடு சேர்த்துப் பார்க்க ஒரு சின்னக் கணக்கும் இருக்கிறது. கணுக்காலில் எடுத்த ரத்த அழுத்தத்தைக் கையில் எடுத்த அழுத்தத்தால் வகுப்பது. 0.9 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு என்று அர்த்தம். சிகிச்சை முடிந்த கையோடு இந்த எண்ணை எடுத்து எழுதிக் கொடுத்தால், பின்னால் அது முன்பு எழுதியதைவிட 0.15க்கும் அதிகமாகக் குறைந்திருந்தால் எந்த மருத்துவரும் உஷாராகிவிடுவார். எழுதாவிட்டால் எதோடு ஒப்பிடுவது? நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்குக் குழாயில் சுண்ணாம்புச் சத்து படிந்து இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும், அவர்களுக்குக் கால் பெருவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும் என்பதும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டிய விஷயம்.

மாத்திரையில் நடக்கும் குழப்பம் இதைவிட மோசம். ஸ்டென்ட் வைத்த பிறகு ரத்தம் உறையாமல் இருக்கப் பெரும்பாலும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் இரண்டும் தருகிறார்கள். சில மாதத்தில் ஒன்றை நிறுத்தி மற்றதை ஆயுள் முழுக்கத் தொடரச் சொல்வார்கள். எதை, எப்போது என்பதைத் தெளிவாக எழுதித் தராததால் ஒருவர் இரண்டையும் நிறுத்துகிறார், இன்னொருவர் இரண்டையும் வருடக்கணக்கில் விழுங்குகிறார். பல் பிடுங்கப் போகும்போது ஸ்டென்ட் வைத்த மருத்துவரைக் கேட்காமலே நிறுத்துகிறவர்களும் உண்டு. ஸ்டாட்டின் மாத்திரையை, கொலஸ்ட்ரால் நார்மல் ஆயிடுச்சே என்று விட்டுவிடுவது சர்வ சாதாரணம். காலில் அடைப்பு வந்தவருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம், அந்த மாத்திரை அதற்கும் சேர்த்துத்தான் என்று யாராவது உட்கார்ந்து சொன்னால் விடமாட்டார்கள். புகையிலையை விடுவதும் அப்படித்தான், "சிகரெட்டை நிறுத்துங்க" என்று ஒரு அதட்டல் போட்டால் போதாது, விடுவதற்கு மருந்தும் ஆலோசனையும் தர வேண்டும்.

நடையும் சிகிச்சைதான். வாரம் 3 நாளாவது 30 முதல் 45 நிமிடம், வலி வரும்வரை நடந்து, நின்று, தணிந்ததும் மறுபடி நடப்பது. பாதத்தில் புண் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. தினமும் விரலிடுக்கு உட்படப் பாதத்தைப் பார்ப்பதற்கு வீட்டில் ஒருவர் உதவ வேண்டும், மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கூடவே கூடாது.

திடீரென்று ஒரு கால் மட்டும் சில்லிட்டு, வெளுத்து, மரத்து, அசைக்க முடியாமல் போனால் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. சுமார் 6 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்பாவிட்டால் தசை மீள முடியாதபடி கெட்டுவிடலாம். இதை எங்களுக்கு யாருமே சொல்லவில்லை.

அடுத்த ஸ்கேன் தேதி, கணுக்கால் எண், எந்த மாத்திரை எதுவரை, ராத்திரியில் கால் சில்லிட்டால் எந்த நம்பருக்குக் கூப்பிடுவது, இவ்வளவும் ஒரே தாளில் நோயாளிக்குப் புரிகிற மொழியில் அடங்கும். மருத்துவமனைகள் இதைக் கொடுத்தே அனுப்ப வேண்டும். அந்தக் கட்டுரையை எழுதிய மருத்துவரிடமே இதன் அடுத்த பாகத்தையும் எழுதி வாங்கி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி