விசிட்டிங் டைம் முடிஞ்சாலும் எங்கள வெளிய அனுப்பாதீங்க

ஆஸ்பத்திரி நிர்வாகத்துல இருக்குறவங்களுக்கும், வார்டுல ராவும் பகலுமா நிக்குற டாக்டர், நர்ஸ், அட்டெண்டர் எல்லாருக்கும் வணக்கம்.

டிமென்ஷியாங்குற மறதி நோய் இருக்குற அம்மாவ வீட்ல வச்சு பாத்துக்குற மகள் நான். கேக்க வந்தது ஒண்ணே ஒண்ணுதான். மறதி நோய் இருக்குறவங்கள அட்மிட் பண்ணீங்கன்னா, வீட்ல அவங்கள பாத்துக்குற ஆள் ஒருத்தர பகல், ராத்திரின்னு பாக்காம கூடவே இருக்க விடுங்க. நாங்க ஆப்பிளும் கையுமா வந்து அரை மணி நேரம் உக்காந்துட்டு போற சொந்தக்காரங்க இல்ல. அவங்க வாயால சொல்ல முடியாதத உங்களுக்கு சொல்ல வேண்டியவங்க.

அம்மாவுக்கு நிமோனியான்னு அட்மிட் பண்ணிருந்தோம். நைட்டு செக்யூரிட்டி வந்து நேரமாச்சு கெளம்புங்கன்னுட்டாரு, எவ்வளவோ சொல்லிப் பாத்தும் ரூல்ஸ் ரூல்ஸ்தாம்மான்னாரு. காலைல போய் பாக்குறேன், ரெண்டு கையையும் பேண்டேஜ் துணியால கட்டில் கம்பியோட கட்டி வச்சிருக்காங்க. டிரிப் ஊசிய புடுங்கிட்டாங்களாம், எந்திரிச்சு எந்திரிச்சு ஓடப் பாத்தாங்களாம், கத்துனாங்களாம். கண்ணாடியும் காது மெஷினும் ஒரு கவருக்குள்ள போட்டு மேசை டிராயர்ல பத்திரமா இருந்துச்சு. கண்ணும் தெரியாம காதும் கேக்காம, முன்னப்பின்ன பாக்காத இடத்துல, யாரோ வந்து கையப் புடிச்சு ஊசி குத்துனா யாரா இருந்தாலும் கத்தத்தானே செய்வாங்க. அம்மா போர்வை ஓரத்த சுருட்டி சுருட்டி விட்டாங்கன்னா பாத்ரூம் போகணும்னு அர்த்தம், அது எனக்கு தெரியும், அந்த நர்ஸுக்கு எப்படி தெரியும்? அவங்க மேல எனக்கு கோவம் இல்ல, அவ்வளவு பெரிய வார்டுக்கு அன்னைக்கு நைட்டு அவங்க ஒரே ஆளு. என் கோவமெல்லாம் தெரிஞ்ச ஆள கேட்டுக்கு வெளிய நிக்க வச்ச அந்த ரூல் மேலதான்.

அன்னைக்கு நடந்தத "டிமென்ஷியா முத்திடுச்சு"ன்னு சொன்னாங்க. இல்லங்க. நேத்து வரைக்கும் என்னை பேர் சொல்லி கூப்பிட்டவங்க ஒரே ராத்திரில அப்படி ஆனா அது டெலிரியம், அதாவது உடம்புல ஏதோ கோளாறால திடீர்னு வர்ற மனக்குழப்பம். உங்களுக்கு நான் பாடம் எடுக்கல, ஆனா அவசரத்துல இது விட்டுப் போகுதுங்குறத பாத்துட்டு சொல்றேன். மறதி நோய் மாச கணக்குல, வருஷ கணக்குல மெதுவா ஏறும், டெலிரியம் சில மணி நேரத்துலயே வந்துடும். கிருமித் தொற்று, உடம்புல தண்ணி கம்மியாகுறது, மலச்சிக்கல், ஒண்ணுக்கு அடைச்சுக்குறது, வலி, தூக்கம் இல்லாதது, சில தூக்க மாத்திரை, சில அலர்ஜி மாத்திரைன்னு இதுக்கு காரணம் நெறைய, அதுல பலது கண்டுபிடிச்சா சரி பண்ணக்கூடியதுதான். இதுல இன்னொரு வகை இருக்கு, கத்த மாட்டாங்க, சும்மா சுருண்டு படுத்து தூங்கிட்டே இருப்பாங்க, "பேஷண்ட் அமைதியா இருக்காங்க"ன்னு எழுதிட்டு போயிடுவாங்க, அதுதான் ரொம்ப பயம். இவங்க எப்பவும் இப்படி இருக்க மாட்டாங்களேன்னு பாத்த உடனே சொல்ல வீட்டு ஆளாலதான் முடியும்.

1999ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு ஆய்வு வந்துச்சு. 70 வயசு தாண்டின பேஷண்டுங்களுக்கு பெருசா ஒண்ணும் பண்ணல, கண்ணாடி போட்டு விடுறது, காது கேக்க வைக்குறது, தண்ணி குடிக்க வைக்குறது, நடக்க வைக்குறது, ராத்திரி தூங்க விடுறது, இன்னைக்கு என்ன நாளு எங்க இருக்கோம்னு பேசிட்டே இருக்குறது, அவ்வளவுதான். டெலிரியம் வந்தவங்க 15 சதவீதத்துல இருந்து 9.9க்கு கொறைஞ்சாங்க. அதுல பாதிக்கு மேல வீட்ல நாங்க தினமும் பண்ற வேலைதானே!

வலியும் அப்படித்தான். "வலிக்குதா பாட்டி"ன்னு கேட்டா எங்கம்மா "ஒண்ணுமில்லப்பா"ன்னுதான் சொல்லுவாங்க, எலும்பே ஒடைஞ்சிருந்தாலும் அதுதான் பதில். பெயினாட்னு ஒரு அளவுகோல் 2003லயே வந்தாச்சு, மூச்சு, முனகல், முகம், உடம்ப வச்சிருக்குற விதம், சமாதானப்படுத்துனா அடங்குறாங்களான்னு அஞ்சே விஷயம் பாத்து 10க்கு மார்க் போடுறது. ப்ளீஸ், வாயால கேட்டதோட விட்டுடாதீங்க.

அடக்குறதுக்கு குடுக்குற மருந்து பத்தியும் ஒரு வார்த்தை. டிமென்ஷியா இருக்குற வயசானவங்களுக்கு ஆன்டிசைக்காட்டிக், அதாவது மனநோய்க்கு குடுக்குற மருந்து குடுத்தா உயிருக்கு ஆபத்து கூடுதுன்னு அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, புது வகை மருந்துகளுக்கு 2005லயும் பழைய வகைகளுக்கு 2008லயும் எச்சரிச்சிருக்கு. அதுவும் லூயி பாடி வகை டிமென்ஷியான்னா இந்த வகையில ஹாலோபெரிடால் மாதிரி மருந்து குடுத்தா ரொம்ப மோசமா போயிடும். சில நேரம் வேற வழி இல்லாம தேவைப்படும்தான், புரியுது. ஆனா ஊசி போடுறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு போன் பண்ணுங்க, நாங்க வந்து கையப் புடிச்சுட்டு உக்காந்தாலே பாதி நேரம் அடங்கிடுவாங்க.

கூட்டம் சேரும், இன்ஃபெக்ஷன் பரவும்னு சொல்லுவீங்க, நியாயம்தான். அதனாலதான் ஒரு பேஷண்டுக்கு ஒரே ஆளுன்னு கேக்குறோம். மாஸ்க் போட சொல்லுங்க போடுறோம், கை கழுவ சொல்லுங்க கழுவுறோம், ரவுண்ட்ஸ் வர்றப்ப பக்கத்து பெட்டுக்கு ஸ்கிரீன் போடணும்னா வெளிய வந்து நிக்குறோம். பிரிட்டன்ல ஜான் ஜெரார்ட்னு ஒருத்தர் மறதி நோயோடயே ஓரளவு நல்லாதான் இருந்தாரு, கால் புண்ணுக்காக அட்மிட் ஆனாரு, தொற்று காரணமா குடும்பத்த சரியா பாக்க விடல, வீட்டுக்கு வந்தப்ப நடக்க முடியல, தானா சாப்பிட முடியல. 2014 நவம்பர்ல அவரு இறந்து போனதும் அவர் மக ஆரம்பிச்ச இயக்கம்தான் ஜான்ஸ் கேம்பெய்ன், அதுக்கப்புறம் அங்க ஏகப்பட்ட ஆஸ்பத்திரி, பாத்துக்குறவங்க கூடவே இருக்கலாம்னு ஒத்துக்கிச்சு. அங்க முடிஞ்சா மத்த எடத்துலயும் முடியும்.

அதே சமயம் இத திருப்பிப் போட்டுடாதீங்க. கூட இருக்க விடுங்கன்னு கேக்குறது உங்க ஆள் பத்தாக்குறைக்கு எங்கள வச்சு வேலை வாங்க இல்ல. பாத்துக்குறவங்களும் வயசானவங்களா இருப்பாங்க, தூங்கி நாளாகியிருக்கும், கொஞ்ச நேரம் வீட்டுக்கு போய் படுத்துட்டு வர்றேன்னா மூஞ்சிய சுளிக்காம அனுப்புங்க. யாருமே இல்லாம தனியா வர்றவங்களும் இருக்காங்க, அவங்க பக்கத்துல உக்கார ஒரு ஆள நீங்கதான் ஏற்பாடு பண்ணணும்.

அட்மிஷன் ஃபார்ம்ல இன்சூரன்ஸ் நம்பர் கேக்குற எடத்துக்கு பக்கத்துல "மறதி நோய் இருக்கா, யார் பாத்துக்குறாங்க, ராத்திரி கூட இருப்பாங்களா"ன்னு ஒரு வரி சேத்து, அந்த ஆளுக்கு ஒரு பாஸும், கட்டில் பக்கத்துல முதுகு சாய ஒரு சேரும் குடுங்க. கேட்ல நிக்குற செக்யூரிட்டிக்கும் அத சொல்லி வைங்க, ஏன்னா எட்டு மணிக்கு எங்ககிட்ட வந்து பேசுறது அவருதான்.