மாப்ளேக்கு: அந்த வின்செஸ்டரை மட்டும் விட்டுவிடு

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. பதில் போடாதது என் தப்புதான். அதற்காகத் தங்கச்சியிடம் நீ என்னைப் பற்றிச் சொன்னதெல்லாம் ஒரு சொல் குறையாமல் இங்கே வந்து சேர்ந்துவிட்டது. இங்கே எல்லோரும் சுகம். பெரியவனுக்குப் பல்லில் கம்பி கட்டியாயிற்று, என் பர்ஸ் காலி. குசலம் போதும்.

கடிதத்தின் கடைசியில் வெண்டைக்காய் விலை சொல்வதுபோல ஒரு வரி எழுதியிருந்தாயே, "1950 வின்செஸ்டர் ரைபிளைக் கடையில் கொடுத்துத் துளை போட்டு ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டப் போகிறேன்" என்று. அதைப் படித்துத்தான் பேனாவை எடுத்தேன். துப்பாக்கி வாத்தியார் காதில் விழுந்தால் பென்சில்வேனியாவை விட்டே உன்னைத் துரத்துவார்.

உன்னுடையது மாடல் 94. 1964-ல் செலவைக் குறைக்க வின்செஸ்டர் கம்பெனி அதன் உள்பாகங்களை மாற்றியது. அதற்கு முந்தியது என்றால் சேகரிப்பவர்கள் தனி விலை கொடுப்பார்கள். தொழிற்சாலை போடாத ஒரே ஒரு துளை அந்த விலையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அப்புறம் அடைத்தாலும் தெரியும். சரி, விலையை விடு. ஸ்கோப் மாட்டினால் வேலையாவது செய்யுமா? பழைய 94-இல் அறையை அடைக்கும் போல்ட் பின்னால் போனதும், அதைத் தாங்கும் ரிசீவரின் மேல்பக்கம் திறந்துகொள்கிறது, காலிக்கூடு நேரே வானத்தைப் பார்த்துப் பறக்கிறது. நடுவில் ஸ்கோப் இருந்தால் கூடு அதில் மோதித் திரும்பி உள்ளேயே விழும், தோட்டா ஏற்றும் லிவர் சிக்கும். கூட்டை வலப்பக்கம் சாய்த்துத் தள்ளும் ஆங்கிள் இஜெக்ட் ரகம் 1980-களில்தான் வந்தது.

இடப்பக்கம் தள்ளி மாட்டும் மவுண்ட் இருக்கிறதே என்பாய். இருக்கிறது. ஸ்கோப் குழலுக்கு ஓர் அங்குலம் இடப்பக்கம் இருக்கிறது என்று வை. 100 கஜத்தில் குறியைச் சரிசெய்தால் 50 கஜத்தில் அரை அங்குலம் வலப்பக்கமும், 200-ல் ஓர் அங்குலம் இடப்பக்கமும் விழும். மானுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைக்க முடியாது, தலையைக் கோழிபோலச் சாய்க்க வேண்டும். துளை போடாத வழி ஒன்று உண்டு: பின்காட்சியைத் தட்டி எடுத்துவிட்டு, அது இருந்த பள்ளத்தில் ஒரு பேஸை (ஸ்கோப் உட்காரும் அடித்தட்டை) செருகி, முன்னால் தள்ளி நீண்ட கண்தூரமுள்ள, அதாவது கண்ணிலிருந்து தள்ளி இருந்தாலும் தெரியும், ஸ்கவுட் ஸ்கோப் வைப்பது. வேண்டாம் என்றால் பழையபடி மாற்றிவிடலாம். குறை என்னவென்றால், மாலையில் முதுகுப்பக்கம் சூரியன் இருந்தால் கண்ணாடியில் வானம்தான் தெரியும், மான் தெரியாது.

ஆகவே வின்செஸ்டரை எண்ணெய் போட்டுத் துடைத்து அலமாரியில் வை. பக்கத்தில் இருக்கும் மார்லின் 336-ஐ எடு. அதன் ரிசீவர் மேல்பக்கம் கெட்டி, கூடு வலப்பக்கம் போகும், மேலே நான்கு துளை தொழிற்சாலையிலேயே மரை போட்டு வந்திருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக நினைத்தாய் பார், நீ மாறவே மாட்டாய்.

முதலில் தோட்டாவை முழுக்க இறக்கு. லிவரைத் தள்ளித் தள்ளித் தோட்டாக் குழாயைக் காலி செய்து, விரலை விட்டுத் தோட்டா அமரும் அறையைத் தடவிப் பார். அந்த நான்கு துளையை அடைத்திருக்கும் சிறு திருகுகள் அறுபது வருஷமாக அசைந்திருக்காது. பிளவுக்குச் சரியாகப் பொருந்தும் முனை இல்லாமல் கை வைக்காதே. ஊடுருவும் எண்ணெய் ஒரு ராத்திரி ஊறட்டும். அசையவில்லையென்றால் சால்டரிங் அயர்ன் நுனியைத் திருகின்மேல் சில நிமிஷம் வைத்துச் சூடாக்கி, பிறகு திருப்பு. அவசரப்பட்டால் தலை சிதையும்.

பேஸுக்கு வீவர் கம்பெனியின் 63பி போதும். திருகுகள் 8-40 மரை. துளை, திருகு, பேஸின் அடிப்பாகம் எல்லாவற்றையும் அசிட்டோனால் துடை. எண்ணெய் இருந்தால் திருகு கழலாமல் காக்கும் பசை பிடிக்காது. இப்போது பசை போடாமல் ஒவ்வொரு திருகாக இறுக்கி, ஒவ்வொன்றுக்கும் லிவரை முழுக்க ஓட்டிப் பார். ஏதாவது திருகு நீளமாக இருந்தால் அதன் நுனி உள்ளே நீட்டிக்கொண்டு போல்ட்டை உரசும். லிவர் எந்தத் திருகில் கனக்கிறதோ அதை மட்டும் அரத்தால் ஒரு மரை குறை. எல்லாம் சுலபமாக ஓடினால் நீல லாக்டைட் பசை ஒரு துளி, 25 இஞ்ச்-பவுண்டு முறுக்கு. ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங்கின் திருகுக்கு 15 போதும். கைக்குத் தோன்றியபடி முறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கும்.

ஸ்கோப்பில் ஆசைப்படாதே. 30-30 தோட்டாவுக்கு, அதுவும் நம்ம காட்டில், 2-7x33 (இரண்டு முதல் ஏழு மடங்கு பெருக்கம், 33 மில்லிமீட்டர் கண்ணாடி) தாராளம். ரிங் தாழ்வாக இருக்கட்டும். இந்தக் கட்டை இரும்புக் காட்சிக்காக இறக்கிச் செதுக்கியது. 40 மில்லிமீட்டர் கண்ணாடி வாங்கினால் ரிங் உயரும், கன்னத்துக்குப் பிடிமானம் போய்விடும். தாழ்வாக வைத்தும் எட்டவில்லை என்றால் கட்டையில் தோல்பட்டை கட்டிக்கொள். கண்தூரத்தை வேட்டை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, பெருக்கத்தை 7-ல் வைத்துப் பார். கண்ணை மூடித் தோளில் ஏற்று, பிறகு திற. ஓரம் கறுக்காமல் முழு வட்டமும் தெரிய வேண்டும். சட்டையோடு அளந்துவிட்டு நவம்பரில் புலம்பாதே.

இனிக் கேலி இல்லை, கவனமாகப் படி. ஸ்கோப்பின் பின்முனை, தோட்டாவை வெடிக்க அடிக்கும் ஹாமரின் தலைக்கு மேலேயே வந்து உட்கார்ந்துவிடும். கட்டை விரல் நுழைய இடம் இருக்காது. அதற்குத்தான் ஹாமரின் பக்கவாட்டில் மாட்டும் நீட்சி. உன்னுடையது 1980-களுக்கு முந்திய மார்லின், அந்த அளவு கேட்டு வாங்கு, புதியதற்கானது பொருந்தாது. ஸ்கோப்பை ஏற்றும் முன்பே இதை மாட்டிவிடு. அதன் குட்டித் திருகு அதிர்ச்சியில் கழன்றுவிடும், அதற்கும் லாக்டைட் வேண்டும். உன் துப்பாக்கியில் குறுக்குப் பூட்டு என்ற பாதுகாப்புப் பொத்தானும் கிடையாது. அறையில் தோட்டா இருக்கும்போது ஹாமரை அரைக்கட்டுக்கு (பாதி வழியில் நிற்கும் பாதுகாப்பு நிலைக்கு) இறக்குவது வெறும் கட்டை விரலின் பிடியில் நடக்கும் காரியம். கையுறை, குளிர், பழக்கமில்லாத கோணம், எல்லாம் சேரும். குழலைத் தரைப்பக்கம் வைத்து, ஹாமரைப் பிடித்துக்கொண்டு விசையை அழுத்து. ஹாமர் நகர ஆரம்பித்ததுமே விசையை விட்டுவிடு, அதற்கப்புறம் மெல்ல இறக்கு. விசையை விட்டிருந்தால், விரல் வழுக்கினாலும் அரைக்கட்டுக் கொக்கி பிடித்துக்கொள்ளும். விடாமல் அழுத்திக்கொண்டே வழுக்கினால் வெடிக்கும். போலித் தோட்டாவை வைத்து வீட்டில் நூறு தரம் பழகு. பழகியும் கை நடுங்கினால் வேட்டை மேடையில் உட்காரும்வரை அறையைக் காலியாகவே வை. உன்னைவிடத் தங்கச்சிக்காகச் சொல்கிறேன்.

குறியைச் சரிசெய்வதில் ஒரு வசதியும் உண்டு. லிவர் திருகு ஒன்றைக் கழற்றினால் லிவரும் போல்ட்டும் வெளியே வந்துவிடும். எஜெக்டர் தானே விழும், தொலைத்துவிடாதே. குழல் வழியாக 25 கஜத்தில் ஒரு புள்ளியைப் பார்த்து, துப்பாக்கி அசையாமல் மணல்மூட்டையில் இருக்க, குறுக்குக்கம்பியை அதே புள்ளிக்குக் கொண்டுவா. பாதித் தோட்டா மிச்சம். பிறகு சுட்டுப் பார். ஸ்கோப்பின் திருகு கால் நிமிடக் (கோண அளவு) கிளிக் என்றால் 25 கஜத்தில் ஓர் அங்குலத்துக்குப் பதினாறு கிளிக். அங்கே 150 கிரெய்ன் எடையுள்ள குண்டு நடுவில் விழுந்தால் 100 கஜத்தில் சுமார் ஒன்றரை அங்குலம் மேலே, 200-ல் நாலைந்து அங்குலம் கீழே. 100-ல் கட்டாயம் சுட்டு உறுதி செய். மூன்று தோட்டாவுக்கு ஒரு தரம் ஆறவிடு. தோட்டாக் குழாயும் குழலும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை, சூடானால் குண்டுகள் விழும் இடம் மேலே ஏறும். மூட்டையில் முன்கட்டை உட்காரட்டும், குழல் படக் கூடாது.

சீசன் நன்றிப் பெருநாளுக்கு மறுநாளைக்கு மறுநாள் சனிக்கிழமை தொடங்குகிறது. அதற்கு ஒரு மாதம் முன்பே ஸ்கோப் மாட்டியிருக்க வேண்டும், திருகு கழல்கிறதா என்று பார்க்க அவகாசம் வேண்டாமா? கழற்றிய நாலு குட்டித் திருகையும் ஒரு பையில் போட்டுப் பெயர் எழுதி வை. முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் உன்னிடம் இல்லை என்று தெரியும், என்னுடையதை அனுப்புகிறேன். போன தடவை போன டிரில் இன்னும் திரும்பவில்லை, ஞாபகம் இருக்கட்டும்.

உன்
மச்சான்