கப்புவாவில் நான் வீடு இடிப்பதில்லை

அன்புள்ள தம்பி குமரனுக்கு,

நீ வாங்கி அனுப்பிய சீசர் 3, ரோமாபுரி ஊர் கட்டுகிற அந்தப் பழைய கணினி ஆட்டம், நன்றாக ஓடுகிறது. இப்போது அதில் கப்புவா என்ற ஊரைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பையன் வந்து அகஸ்டஸ் என்று ஒன்றையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தான். சீசர் 3-ஐ ஓட்டுகிற நிரலை ஆர்வலர்கள் சிலர் திரும்ப எழுதியிருக்கிறார்களாம், காசு வாங்காமல். பழைய கோப்புகளை எடுத்துக்கொண்டு பெரிய திரையில் தெளிவாகக் காட்டுகிறது. 1998இல் வந்த ஆட்டம் அது. நம் பழைய திரையில் ஒரு சந்தையும் நாலு வீடும் தெரிந்தால் அதிகம். இப்போது பாதி ஊர் ஒரே பார்வையில் கிடக்கிறது. "அறுபத்தேழு வயதில் இவருக்கு ரோமாபுரி கவர்னர் உத்தியோகம்" என்று உன் அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மின்வெட்டும் குறைந்துவிட்டதால் ஆட்டம் பாதியில் அணைவதில்லை. அவளுக்கு அதில்தான் வருத்தம்.

எல்லாம் மறந்திருக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் மறக்கவில்லை. சந்தைக்காரி தானியக் கிடங்குக்குப் போய்த் திரும்புகிறாள், பின்னாலேயே கூடை தூக்கிய பொடியன்கள் வரிசையாக வருகிறார்கள். அது வரைக்கும் ஒழுங்கு. அப்புறம் வீடு வீடாகக் கொடுக்கக் கிளம்புகிறாளே இன்னொருத்தி, அவளால்தான் வம்பு. முச்சந்திக்கு வந்தால் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று அவளுக்கே தெரியாது. தொடர்ந்து இடப்பக்கமே போனால் வலப்பக்கத் தெருவில் சோறு இல்லை. நல்ல மாடி வீடு ஒவ்வொரு படியாக இறங்கும், உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேர் வெளியே வந்துவிடுவார்கள். அந்த ஊரில் யாருக்கும் நேராக உத்தரவு போட முடியாது. சாலை போடலாம், கட்டடம் வைக்கலாம், அவ்வளவுதான். நீ நடுரோட்டில் கோட்டை வாசல் கட்டி அவளைத் திருப்பி விடுவாய், ஞாபகம் இருக்கிறதா? அந்தத் தில்லுமுல்லு இனி வேண்டாம். அதே கம்பெனி 1999இல் எகிப்தை வைத்துச் செய்த ஃபாரோவில் சாலைத் தடுப்பு என்று ஒன்று வந்ததே, அதை அகஸ்டஸ்காரர்கள் இங்கேயும் கொண்டுவந்துவிட்டார்கள்.

சரி, நான் எழுத வந்தது வேறு.

களிமண் குழிக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கூடாரங்களை ஏன் இடிக்க விடமாட்டேன் என்கிறீர்கள் என்று நீ அப்போது கேட்டுக்கொண்டே இருப்பாய். உனக்குப் பதினொரு வயது. அவை போனால் குழிக்கு வேலையாள் கிடைக்காது என்று சொல்லி வைத்தேன். அது பொய்யும் இல்லை. குழியிலிருந்து ஆள் தேடிக் கிளம்புகிறவன் ஏதாவது ஒரு குடியிருப்பைக் கடந்து போனால்தான் வேலை நடக்கும். அதற்காகவே நாலு கூடாரத்தைப் பக்கத்தில் வைப்பார்கள், அவை வளரவே வளராது. தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனின் மெர்பேங்கில் எண்ணெய் சுத்திகரித்த இடத்தை ஒட்டி என் சின்னம்மா குடியிருந்த வீட்டை நினைத்துக்கொள், விளங்கும்.

ஆனால் முழுக் காரணம் அது இல்லை. இந்தத் தடவை விளையாடும்போது ஒன்றைக் கவனித்தேன். படைக் கோட்டையை இடிக்கப் போனால் "நிச்சயமா?" என்று கேட்கிறது. பாலத்தை இடிக்கப் போனாலும் கேட்கிறது. ஆள் குடியிருக்கிற வீட்டின் மேல் அந்தக் குறியை இழுத்து விட்டால் ஒரு கேள்வியும் இல்லை, வெறும் தரைதான் மிஞ்சுகிறது. அதில் இருந்தவர்கள் தெருவில் நடந்து வேறு காலி வீடு தேடுவார்கள். கிடைக்காவிட்டால் ஊரை விட்டே போவார்கள்.

மேகசின் பேரக்ஸை நீ பார்த்ததில்லை. டர்பனில் முனிசிபாலிட்டி வேலை பார்த்த நம் ஆட்கள் இருந்த வரிசை வீடுகள் அவை, பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும். உன் தாத்தா அங்கிருந்து வேலைக்கு நடந்தே போய் வருவார். 1950இல் குரூப் ஏரியாஸ் சட்டம் வந்தது. எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று வரைபடத்தில் கோடு போட்டார்கள். அறுபதுகளில் எங்களைச் சாட்ஸ்வர்த்துக்குப் போகச் சொன்னார்கள். வாழைத்தோட்டம் வைத்திருந்த நம்மவர்களின் நிலத்தையே எடுத்துக்கொண்டு கட்டிய இடம் அது. வெள்ளைக்காரர் பகுதிக்கும் கறுப்பின மக்களின் உம்லாசிக்கும் நடுவில் எங்களை வைத்தார்கள். ஆட்டத்தில் பணக்கார வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவில் நாம் தோட்டம் வைப்போமே, அந்தக் கணக்குத்தான். பேட்டைகளுக்கு யூனிட் 1, யூனிட் 2 என்று எண். தெருவுக்கும் எண்தான், எங்கள் தெரு எழுநூற்றுச் சொச்சம்.

லாரியில் அலமாரிக்கும் கோழிக்கூடைக்கும் நடுவில் ஆயாவின் அம்மியைப் படுக்க வைத்து, அது உருளாமல் இருக்க என்னை அதன் மேல் உட்காரச் சொன்னார்கள். புது வீட்டில் உள்ளறைகளுக்குக் கதவு கிடையாது. ஆயா இரண்டு சேலையைக் கிழித்துத் திரை கட்டினாள். பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருமினாலும் கேட்கும். தாத்தா விடியுமுன் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவார். இதையெல்லாம் வரைந்தவன் கெட்ட எண்ணத்தோடு பேனாவை எடுத்தானா, தூரம் சமம், பரப்பு சமம் என்று சந்தோஷமாகக் கோடு போட்டானா என்று யோசித்துக்கொண்டே விளையாடுகிறேன். ஏனென்றால் மேலே இருந்து பார்க்கும்போது நேர்கோடு அழகாகத்தான் இருக்கிறது, தம்பி. எனக்கே கை துறுதுறுக்கிறது.

அதனால் எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருக்கிறேன், ஆள் இருக்கிற வீட்டைத் தொடுவதில்லை. விளைவு, என் கப்புவா கோணல்மாணலாக இருக்கிறது. சாலை வீட்டைச் சுற்றிக்கொண்டு போகிறது. செழிப்பு மதிப்பெண் ஏற மாட்டேன் என்கிறது. சீசர் வேறு அது அனுப்பு, இது அனுப்பு என்று நச்சரிக்கிறார். அவருக்குக் கோபம் முற்றினால் படையையே அனுப்புவார் என்று உனக்குத் தெரியும். கடன் 5000 தினாரி வரை தாங்கும், நான் கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கிறேன். மேற்கே சில வீடுகள் மட்டும் வில்லாவாகிவிட்டன. வில்லா ஆனவுடன் அந்த வீட்டுக்காரர்கள் வேலைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள், பட்டறைகளில் ஆள் குறைகிறது. இதை எழுதியவர்கள் ஊர் தெரிந்தவர்கள்தான்.

இப்போது உன்னிடம் ஒரு உதவி. கிழக்கே உள்ள தெருக்களில் கிணறு மட்டும்தான் இருக்கிறது, அதனால் வீடுகள் ஓரளவுக்கு மேல் வளர மாட்டேன் என்கின்றன. நீரூற்று வைக்க வேண்டுமானால் பக்கத்தில் ஒரு நீர்த்தேக்கம் வேண்டும், அதற்கு மூன்றுக்கு மூன்று கட்டம் காலியாக வேண்டும். இருக்கிற ஒரே இடத்தில் கூடாரங்கள். (தண்ணீர் விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே டோங்காட்டின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கெட்டு, உன் அத்தை மாதக்கணக்கில் தண்ணீர் லாரிக்கு முன்னால் வாளியோடு நின்றாள்.) சேமித்த கோப்பை இதோடு அனுப்புகிறேன். மலையைச் சுற்றிக் கால்வாய் கொண்டுபோனால் வருமா, எவ்வளவு செலவாகும் என்று பார்த்துச் சொல். அந்தக் கூடாரங்களை இடிக்கலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம்.

மீனாவுக்கும் காட்டு. தெருவில் போகிறவர்கள் மேல் வலப்பொத்தானை அழுத்தினால் நின்று பேசுவார்கள், அவளுக்குப் பிடிக்கும். மாங்காய் ஊறுகாய் பெர்த் விமான நிலையத்தில் விடுவார்களா என்று அம்மா கேட்கச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது முதலில் அதைச் சொல்லிவிடு, அப்புறம் நாம் கால்வாயைப் பற்றிப் பேசலாம்.

அன்புடன்,
அப்பா