மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

மதிப்பிற்குரிய தலைவர், செயலவையினர், இன்று வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல், விளையாட்டுப் போட்டி, கோயில் வளாகத் துப்புரவு, தீபாவளி அரிசிப் பொட்டலம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன.

சரி, சுவர் விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிறு கணக்கு வகுப்பு நடக்கும் பழைய ஆயாக்கொட்டகையின் (தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட இடம்) வெளிச்சுவரில் 73939133 என்று ஆளுயரத்துக்கு எழுதினோம். செயலாளர் யாரைக் கேட்டுச் சாயம் வாங்கினார் என்று ஒரு பேச்சு. நான்கு இலக்க லாட்டரி விற்கும் நம்பர் கடையின் விளம்பரமா என்று இன்னொரு பேச்சு. கடைசி நான்கு இலக்கத்தைக் கொண்டுபோய் நம்பர் எடுத்தவர்களும் உண்டு. அவர்கள் விட்ட காசுக்கு மன்றம் பொறுப்பல்ல.

அது ஒரு பகா எண், அதாவது 1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண். (பகாவ் ஊர்க்காரர்களான நமக்குப் பொருத்தம்தான் என்று தலைவர் அன்றே சிரித்தார்.) வலப்பக்கக் கடைசி இலக்கத்தை அழித்தால் 7393913, அதுவும் பகா எண். அப்புறம் 739391, 73939, 7393, 739, 73, 7 என்று அத்தனையும் பகா எண்களே. பத்தடிமான முறையில் இந்தக் குணமுள்ளவை மொத்தம் 83தான். அவற்றில் ஆகப் பெரியது நம் சுவரில் இருக்கிறது. ஒன்பதாவது இலக்கம் சேர்க்க வழியில்லை. இரட்டை இலக்கமும் 5ம் உடனே அடிபடும். 1 அல்லது 7 சேர்த்தால் இலக்கக் கூட்டுத்தொகை 39 அல்லது 45 ஆகி, 3ஆல் வகுபட்டுவிடும். 3, 9 சேர்த்தாலும் பகா எண் வராது.

பிள்ளைகள் என் பேச்சை அப்படியே நம்பவில்லை. 7393ஐ 2 முதல் 83 வரையுள்ள 23 பகா எண்களாலும் கையாலேயே வகுத்தார்கள். 86இன் வர்க்கமே 7396 என்பதால் அதற்கு மேல் போக வேண்டியதில்லை. கடைசியில் 83 பெருக்கல் 89, 7387, மீதி 6 என்று வந்ததும் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி சுண்ணக்கட்டியை மேலே தூக்கிப் போட்டாள். கூரைத் தகரத்தில் பட்டு இரண்டாக விழுந்தது. 73939க்கு 58 வகுத்தல், மூன்று ஞாயிறு பிடித்தது. முழு எண்ணுக்கு ஆயிரத்துக்கும் மேல் என்பதால் கணினியிடம் விட்டுவிட்டோம்.

சுவரில் எட்டு இலக்கம், நம் செயலவையிலும் எட்டுப் பேர். ஜனவரிக் கூட்டத்துக்கு எட்டுப் பேரும் வந்தார்கள். ஜூனில் நான்கு. டிசம்பரில் நானும் பொருளாளரும் மட்டும், அதாவது 73. வால் குறைந்தாலும் சமாளிக்கலாம். தலைப்பக்கம் குறைந்தால்தான் சிக்கல், கடைசியில் நிற்கும் 133 ஏழு பத்தொன்பதாக உடைந்துவிடும். யாரையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை.

வரவும் செலவும் ஏறக்குறையச் சரியாக இருக்கின்றன. விவரம் பொருளாளரிடம் உண்டு. சந்தா பாதிக்கு மேல் நிலுவை. சாயத்தில் பாதி என் கைக்காசு என்பதைப் பதிவுசெய்கிறேன்.

இடம் தந்த தோட்ட நிர்வாகத்துக்கும், வாரந்தோறும் மைலோ கலக்கித் தந்த தாய்மார்களுக்கும், ஏணி கொடுத்தவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பில் நான் இருப்பேனா என்று சொல்ல முடியாது. வகுப்பு மட்டும் நிற்கக் கூடாது. வகுத்தல் தெரிந்த இளைஞர் ஒருவர் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் வந்தால் போதும். சந்தாவைப் பொருளாளர் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) தம் வடைக் கடையிலேயே வாங்கிக்கொள்வார். ரசீதுப் புத்தகம் மாவுச் சட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.