ஹெலிகாப்டரும் வெளிமானும்

அஞ்செட்டி,
கார்த்திகை 12

அன்புள்ள மாதையா,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த இந்திப் பத்திரிகைத் துண்டும் வந்து சேர்ந்தன. படத்தில் ஹெலிகாப்டர் பறக்கிறது, கீழே மான் கூட்டம் ஓடுகிறது. எழுத்துதான் ஒன்றும் விளங்கவில்லை. பேத்தி போனில் படமெடுத்துத் தமிழில் சொன்னாள்.

இங்கே ராகிக் கதிர் முற்றிவிட்டது. முற்றினால் யார் வருவார்கள் என்று உனக்குத் தெரியுமே. ராத்திரி பரணில் நானும் தம்பி மகனும் காவல். முழங்கால் ஏணி ஏற முரண்டு பிடிக்கிறது, என்ன செய்ய. அங்கே உட்கார்ந்துதான் நீ எழுதியதை யோசித்துக்கொண்டிருந்தேன்.

2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் சாஜாபூர் பக்கம் விளைச்சலைத் தின்ற வெளிமான்கள் 800க்கும் மேல் பிடித்து, காந்தி சாகர், குனோ என்று காடுகளில் விட்டார்களாமே. குடியானவனுக்குப் பயிர் மிஞ்சும், அங்கே விட்டிருக்கும் சிவிங்கிக்கு, அதுதான் சீட்டாவுக்கு, இரை சேரும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். நம்ம ஊர் யானையை எந்தக் காட்டுக்கு அனுப்புவது, அதைத் தின்ன எவன் இருக்கிறான்?

சிவிங்கி என்றே எழுதுகிறேன், பார். சிறுத்தை வேறு, சிவிங்கி வேறு. டிவியில் சிறுத்தை என்றே சொல்லிவிட்டார்கள். 'நம்ம ஆட்டைத் தூக்குகிறதே, அதை எதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து விமானத்தில் கொண்டுவரணும்?' என்று டீக்கடையில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்!

உனக்கு அந்தக் கிணற்று மான் ஞாபகம் இருக்கிறதா? கயிறு போட்டுத் தூக்கினோம், ஒரு கீறல்கூட இல்லை, ஊரே கைதட்டியது. மறுநாள் பின்னங்கால் தூக்க முடியாமல் கிடந்தது, மூன்றாம் நாள் செத்தது. பயத்திலும் திமிறலிலும் உடம்பு கொதித்துத் தசையே அழிந்துபோகும், அந்தக் கழிவு சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். முப்பது வருஷம் மாட்டுக்கு ஊசி போட்ட எனக்கு அதுவரை தெரியாது.

அதனால் 'போமா' முறையைப் பற்றிப் பேத்தி சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். புனல் மாதிரி அடைப்பு. வாய் அகலம், போகப் போக ஒடுக்கம், முனையில் லாரி. ஹெலிகாப்டர் மேலே பறந்து வெளிமானை அதற்குள் ஓட்டிவிடும். சுற்றிலும் துணி கட்டி மறைத்துவிடுகிறார்கள். கம்பி மட்டும் என்றால் மான் பாய்ந்து முட்டிக்கொள்ளும். மறுபக்கம் தெரியாத துணியைச் சுவர் என்று நினைத்து ஒதுங்கிப் போகும். கையால் தொடுவதில்லை, மயக்க ஊசியும் இல்லை. புள்ளிமானுக்கு ஹெலிகாப்டர்கூட வேண்டாம், உள்ளே தீவனம் வைத்துப் பல நாள் பழக்கிவிட்டுக் கதவை அடைத்தால் போதும். பட்டியில் ஆடு அடைக்கிற நம்ம தாத்தாக்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும்.

2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிகள் குனோவுக்கு வந்தன. அதே சமயம் ராஜ்கர் மாவட்டத்துப் புள்ளிமான்களை அங்கே விட்டதற்கு, மானைக் காப்பதைத் தர்மமாகக் கொண்ட பிஷ்னோய் மக்கள் போராடினார்கள், கொன்று தின்ன மானை அனுப்புவதா என்று. அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் கூண்டில் ஆட்டைக் கட்டி வைப்பதும் இதுவும் ஒன்றில்லையே. முன்கூட்டியே விட்டால் மான் குட்டி போட்டுப் பெருகும், தப்பி ஓடக் காடும் இருக்கும். இரை இல்லாத காட்டில் வேட்டை மிருகத்தை விட்டால் அது பக்கத்து ஊர் ஆட்டுப் பட்டிக்குத்தான் வழி தேடும். அப்புறம் விஷம் வைத்தவனைப் பிடிக்கிறோம்.

குனோவில் 24 கிராமங்களை வெளியேற்றியதே குஜராத்தின் கிர் காட்டுச் சிங்கத்தைக் கொண்டுவரத்தான். சிங்கம் இன்றுவரை வரவில்லை, ஆனால் அந்த மக்கள் விட்டுப்போன வயல்கள் புல்வெளியாகி மானுக்கு மேய்ச்சலாயின. அவர்கள் கொடுத்த விலையை ஹெலிகாப்டர் படம் காட்டாது. இங்கே நம்ம மேலகிரி மலைச் சரிவில் புல்லை வளரவிடாத உண்ணிச்செடி மண்டியிருப்பதைப் பார்க்கும்போது, மான் கொண்டுவருவதற்கு முன்னால் புல்லுக்கு என்ன செய்வது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, பரணுக்கு நேரமாகிவிட்டது. தை மாதம் உன் மகன் வரும்போது ராகி மாவு கொடுத்தனுப்புகிறேன். உனக்கு ஒரு வேலை. அங்கே வனத்துறை ஆள் யாரையாவது பார்த்தால், மான் ஏற்றும் லாரித் தரையில் என்ன விரிக்கிறார்கள், வைக்கோலா மணலா என்று கேட்டு எழுது. வழுக்கினால் கால் போய்விடும்.

அன்புடன்,
முனியப்பன்