ஜன்னல் அளவை எழுதி அனுப்பு

தங்கச்சிமடம்,
கார்த்திகை மாதம்.

அன்பு மகள் ஜெயாவுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் சுகம். நீ, மாப்பிள்ளை, கவின், சம்பந்தியம்மா எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே மழை விட்டிருக்கிறது. அப்பா மல்லிகை நாற்றுப் பாத்தியே கதி என்று கிடக்கிறார். சின்னவன் விஷயம் இன்னும் முடிவாகவில்லை, போனில் பேசிக்கொள்ளலாம்.

போனில் நீ எங்கே பேசுகிறாய்? ஞாயிற்றுக்கிழமை கவின் குறள் சொன்னான். முதல் அடி முடிவதற்குள் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் மிச்சத்தைச் சொன்னான். "விளையாடிட்டு வந்தான்மா" என்றாய். ராத்திரி ஒன்பது மணிக்கு என்ன விளையாட்டு என்று நான் கேட்கவில்லை. நீயும் வைத்துவிட்டாய். சரி, போகட்டும்.

உங்கள் வீட்டு ஜன்னலைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆடியில் வந்திருந்தபோது பார்த்தேன். பள்ளிக்கரணைக் கொசுவுக்குப் பயந்து பொழுது சாயும் முன்பே எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறீர்கள். அதற்கப்புறம் உள்ளே கொசுவர்த்தி, சம்பந்தியம்மா போடும் சாம்பிராணி, தாளிக்கிற புகை, ஹாலில் கொடி கட்டிக் காயப்போட்ட ஈரத்துணி. ஏசி போட்டால் காற்று மாறிவிடும் என்றார் மாப்பிள்ளை. அவர் மேல் எனக்கு எவ்வளவு மரியாதை என்று உனக்குத் தெரியும். ஆனால் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறையில் இருக்கிற காற்றையே இழுத்து, குளிர வைத்து, திருப்பி விடும். வெளியே மாட்டியிருக்கும் பெட்டி சூட்டை மட்டும்தான் தள்ளும். ஜன்னலைத் திறந்து வை ஜெயா.

ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்தால் வருகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்று 2003-இல் ஓர் ஆய்வு வந்தது. நான் நர்ஸ் வேலையில் இருந்தவரை தாய்மார் கூட்டத்தில் இதைச் சொல்லாமல் விட்டதில்லை. வீட்டுக்குள் பீடி பிடித்தால் விரட்டுகிறீர்கள், தொட்டிலுக்கு அடியில் நீங்களே சுருள் கொளுத்தி வைக்கிறீர்களே என்பேன். உன் அடுப்படியில் இருக்கிற சிம்னிக்கும் வெளியே போகும் குழாய் இல்லை. வடிகட்டி மறுபடி உள்ளேயே விடுகிறது. கேஸ் அடுப்பில் புகை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சுவாலையிலிருந்து நைட்ரஜன் டை ஆக்சைடு வரும், மூச்சுக்குழாயை உறுத்தும். சமைக்கும்போதாவது ஜன்னலைத் திற. நீ சயின்ஸில் நூற்றுக்கு நூறு வாங்கியவள், தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தேன். உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லைதான்.

கவின் படுக்கிற கட்டிலுக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். பெயிண்ட் உப்பியிருக்கிறது. விரலில் கறுப்பாக மாவுபோல் ஒட்டியது, பழைய கோணிச் சாக்கு வாடை. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. குழாய் கசிகிறதா என்று ஆள் வைத்துப் பார்க்கச் சொல். கசிவு நிற்காமல் மேலே பெயிண்ட் அடிப்பது வீண். கட்டிலையும் பீரோவையும் சுவரை விட்டு நாலு விரல் தள்ளிப் போடு. 2024 நவம்பர் மழையில் இங்கே நம் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது, அப்பா பஞ்சு மெத்தையைத் தூக்கிப் போட்டார் என்று சண்டை போட்டாயே. நனைந்த பஞ்சு ஒன்றிரண்டு நாளில் காயாவிட்டால் உள்ளே பூசணம் பிடித்துவிடும், மேலே பார்த்தால் தெரியாது. அப்பா பாத்தியிலும் அதுதானே, நாற்று நெருங்கிக் காற்றுப் போகாமல் ஈரம் நின்றால் அடியிலேயே அழுகல்.

ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்று வாங்கி அந்த அறையில் வை. 60 சதவீதத்துக்கு மேலே ஏறவிடாதே. 50-க்குப் பக்கத்தில் இருந்தால் மெத்தையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளும் குறையும். மழைநாளில் திறந்தால் ஈரமும் கூடவே வரும், தெரியும். அப்போது ஏசியை ஈரத்தை இழுக்கிற டிரை மோடில் வை, அதன் வடிகட்டியைக் கழுவிப் போடு. மற்ற நாளில் காலையிலும் குளித்த பிறகும் எதிரெதிர் ஜன்னல் இரண்டையும் திற. ஒன்றை மட்டும் திறந்தால் காற்று ஓடாது.

மேலவீட்டு ராணியக்கா பேரன் நினைவிருக்கிறதா? அவனுக்கும் ராத்திரி ராத்திரி இருமல். மூச்சுக்கு இழுக்கிற மருந்து பம்ப் பழகிவிடும் என்று பயந்து, மூச்சு முட்டும்போது மட்டும் கொடுத்தாள் அவன் அம்மா. யாருக்கும் தெரியக்கூடாது என்று ஒளித்தும் வைத்தாள். பழகவெல்லாம் பழகாது. தினமும் எடுக்கச் சொல்லி டாக்டர் கொடுத்த மருந்தை நன்றாக இருக்கிற நாளிலும் விடாமல் எடுக்க வேண்டும். பம்பில் மாட்டுகிற ஸ்பேசர் குழாய் வைத்து இழுத்து, பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். அவன் இப்போது கபடி ஆடுகிறான். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று கேட்காதே. தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது உன் பையில் துணியை மடித்து வைத்தது நான்தான்.

இந்த ஊரில் எத்தனையோ பெண்கள் அர்த்தராத்திரியில் என் கதவைத் தட்டி, "நர்ஸம்மா, பிள்ளைக்கு இழுக்குது" என்று சொல்லியிருக்கிறார்கள். பெற்ற மகள் எனக்குச் சொல்லவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை ஜெயா. பேங்கிலும் வேலை, வீட்டிலும் வேலை, நீ ஓடுகிற ஓட்டம் எனக்குத் தெரியும். அம்மா வேலைக்குப் போவதால்தான் பிள்ளைக்கு இப்படி என்று யாராவது சொன்னால், என்னிடம் பேசச் சொல்.

சாம்பிராணியைப் பற்றி நான் எழுதியதாகச் சம்பந்தியம்மாவுக்குத் தெரிய வேண்டாம். பால்கனியில் போடலாமே அத்தை என்று பக்குவமாகச் சொல்.

ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துவிட்டால் சுருளும் வேண்டாம், அடைக்கவும் வேண்டாம். வலை வாங்கித் தர அப்பா தயாராக இருக்கிறார். ஒவ்வொரு ஜன்னலுக்கும் அகலம், உயரம் இஞ்சில் எழுதி அனுப்பு, பால்கனிக் கதவையும் சேர்த்து. அளவு வந்ததும் சேது எக்ஸ்பிரஸுக்கு இரண்டு டிக்கெட் போடச் சொல்கிறேன். அப்பா வலை அடிக்கட்டும், நான் கவினோடு ஒரு மாதம் இருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா